நன்றி வேண்டாம், ஓர் ஆளை அனுப்புங்கள்

திறந்த மூல நிரல்களைக் கொண்டு வலைத்தளங்கள் உருவாக்கும் நிறுவனங்களின் தொழில்நுட்பத் தலைவர்களுக்கு,

வணக்கம். உங்களுக்கு என்னைத் தெரிந்திருக்காது. ஆனால் உங்கள் படிவங்களில் தேதி கேட்கும் கட்டத்துக்குப் பின்னால் நான் எழுதிய நிரல் இருக்கக்கூடும். யாரும் பார்த்து, எடுத்துப் பயன்படுத்தும்படி திறந்த மூலமாக விட்டிருக்கும் அந்தச் சிறு தொகுப்பை ஒன்பது ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். சம்பளத்துக்குப் பார்க்கும் வேலை வேறு. இந்த வேலை இரவு பத்து மணிக்கு மேல்தான் தொடங்கும்.

2024 மார்ச் தொடக்கத்தில் ஒரு பெரிய நிறுவனத்திடமிருந்து மின்னஞ்சல் வந்தது. பிப்ரவரி 29 அன்று பொருள் வாங்கியவர்களுக்கு, உத்தரவாதம் முடியும் நாள் 2025 பிப்ரவரி 29 என்று அச்சாகிவிட்டதாம். அப்படி ஒரு நாளே கிடையாது. பிழை என்னுடையது, மறுக்கவில்லை. ஆனால் மின்னஞ்சல் அதோடு நிற்கவில்லை. 24 மணி நேரத்துக்குள் பதில் வேண்டும் என்றது. எழுபது கேள்விகள் கொண்ட ஒரு விரிதாளும் இணைத்திருந்தார்கள். உங்கள் பாதுகாப்புக் குழுவின் தலைவர் யார்? கடைசியாகத் தணிக்கை நடந்தது எப்போது? பேரிடர் மீட்புத் திட்டம் உண்டா? என் குழு என்பது நான் ஒருவன்தான். பேரிடர் வந்தால் மீட்கப்பட வேண்டியவனும் நானே.

அன்றிரவே பிழையைத் திருத்திப் புதிய பதிப்பை வெளியிட்டேன். விரிதாளைத் தொடவில்லை. இரண்டு வாரம் கழித்து அதே நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் தனிப்பட்ட முறையில் எழுதினார். இதே பிழையை அவர்கள் 2020 பிப்ரவரி 29 அன்றே பார்த்திருக்கிறார்கள். அவரே திருத்தியும் விட்டார், தங்களிடம் இருந்த பிரதியில் மட்டும். நிரலை வெளியே அனுப்பச் சட்டப் பிரிவின் அனுமதி வேண்டும் என்பதால் விண்ணப்பம் போட்டாராம். நான்கு ஆண்டுகளாகியும் பதில் இல்லை. இடையில் யாரோ என் புதிய பதிப்பை ஏற்றியபோது அவருடைய திருத்தம் அழிந்துபோனது. என்னிடம் 24 மணி நேரக் கெடு வைத்த நிறுவனத்தின் வீட்டுக்குள்ளேயே மருந்து நான்கு ஆண்டுகள் இருந்திருக்கிறது.

இந்த மடலை எழுத வைத்தது அந்தப் பொறியாளரின் கடிதம்தான். அந்த விரிதாள் வெறும் வேடிக்கை.

திறந்த மூலத்தை ஆதரிப்பது என்றாலே உங்களுக்குப் பணம்தான் நினைவுக்கு வருகிறது. அதற்குக் காரணமும் உண்டு. 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது, உலகின் பெரும்பகுதி வலைத்தளங்களுக்குப் பூட்டாக இருந்த, தகவல்களை மறையாக்கி அனுப்பும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற திறந்த மூலத் திட்டத்துக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 டாலர் மட்டுமே நன்கொடையாக வந்துகொண்டிருந்தது தெரிந்தது. முழுநேரமாக வேலை பார்த்தவர் ஒரே ஒருவர். ஓட்டையோ அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே நிரலுக்குள் வந்துவிட்டிருந்தது. பெரிய நிறுவனங்கள் வெட்கப்பட்டன. சில வாரங்களிலேயே லினக்ஸ் அறக்கட்டளையின் வழியாகப் பணம் திரண்டது. நல்ல காரியம்தான்.

ஆனால் எக்ஸ்இசட் விவகாரத்தை யோசித்துப் பாருங்கள். கோப்புகளைச் சுருக்கும் அந்தச் சிறு கருவி லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் ஏறக்குறைய எல்லாக் கணினிகளிலும், அதனால் உங்கள் வலைச் சேவையகங்களிலும் இருக்கிறது. அதைப் பல ஆண்டுகளாகத் தனி ஒருவராகப் பராமரித்தவர் சோர்ந்து போயிருந்தார். 2022இல் முன்பின் தெரியாத சிலர், ஏன் இவ்வளவு தாமதம், வேறு யாரிடமாவது ஒப்படையுங்கள் என்று அவரை நச்சரித்தார்கள். அப்போது ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் பொறுமையாகத் திருத்தங்கள் அனுப்பிக்கொண்டிருந்தார். மெல்ல அவரும் பராமரிப்பாளர் ஆனார். 2024இல் வந்த 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பிறர் கணினிகளுக்குள் ரகசியமாக நுழையப் புறவாசல் ஒன்றைத் திறந்து வைத்தார். ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர், தம் கணினியில் உள்நுழைவுக்கு வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்து, அது ஏன் என்று தோண்டியிராவிட்டால் அந்தப் பதிப்புகள் உலகமெங்கும் பரவியிருக்கும்.

அங்கே இல்லாமல்போனது பணம் மட்டுமன்று. அந்தக் கருவியைப் பயன்படுத்திய நிறுவனங்களில் இருக்கும் பொறியாளர்களை எண்ணி மாளாது. சோர்ந்திருந்த மனிதருக்கு விடாமல் கைகொடுக்க வந்தவனோ திருடனாக இருந்தான்.

என் போன்றவர்களுக்குப் பற்றாக்குறை, படித்துப் பார்க்கும் கண்கள்தான். புதிய வசதி ஒன்றை எழுதி அனுப்ப எத்தனையோ பேர் வருகிறார்கள். அதைப் படித்து, ஓட்டிப் பார்த்து, பழைய உலாவியில் உடைகிறதா என்று சோதித்து, வேண்டாம் என்றால் மனம் நோகாமல் மறுப்பதற்கு ஆள் இல்லை. இப்போது செயற்கை நுண்ணறிவு எழுதும் பிழை அறிக்கைகளும் வந்து குவிகின்றன. பத்தி பிரித்து, அழகான மொழியில், இல்லாத ஓட்டையைப் பற்றி விளக்குகின்றன. இணையத்தில் தரவை அனுப்பிப் பெற உதவும் கர்ல் கருவியை 1990களிலிருந்து வளர்த்துவரும் டேனியல் ஸ்டென்பெர்க் இதைப் பற்றி வெளிப்படையாகவே பலமுறை அலுத்துக்கொண்டுவிட்டார். அவருக்கே அந்தக் கதி.

எனவே என் கோரிக்கை மிகச் சாதாரணமானது. உங்கள் தளம் சார்ந்திருக்கும் தொகுப்புகளின் பட்டியல் உங்களிடம் இருக்கிறது. கட்டளை ஒன்றைத் தட்டினால் திரையில் ஓடும். அதில் உள்ள சிறியவற்றில் ஒன்றுக்கு, மாதத்தில் ஒரு நாள், ஒரு பொறியாளரை விடுங்கள். வார இறுதியில் அல்ல, அலுவலக நேரத்தில். அவருடைய பணி மதிப்பீட்டிலும் அது ஏறட்டும். பிறர் அனுப்பிய திருத்தங்களை அவர் படிக்கட்டும், பிழை அறிக்கைகள் உண்மையா என்று சரிபார்க்கட்டும். இன்னொன்று: உங்கள் பொறியாளர்கள் செய்யும் திருத்தங்களை மூலத் திட்டத்துக்கு அனுப்ப, ஒவ்வொரு முறையும் விண்ணப்பம் கேட்காமல், ஒரே தடவையாகப் பொது அனுமதி கொடுத்துவிடுங்கள்.

பணம் வேண்டாம் என்று சொல்லவில்லை. முழுநேர ஊழியர்களை வைத்து நடக்கும் பெரிய திட்டங்களுக்கு அது உயிர்நாடி. அவற்றுக்குக் கொடுப்பதை நிறுத்திவிடாதீர்கள். எனக்கு வரும் நன்கொடை தளப் பெயரைப் புதுப்பிக்கப் போதுமானது. அதைப் பத்து மடங்காக்கினாலும் இரவு பத்து மணி எட்டு மணியாகிவிடாது.

உரிமத்தில் இப்படியெல்லாம் எந்தக் கடமையும் இல்லையே என்பீர்கள். உண்மைதான். எம்ஐடி உரிமத்தைத் தெரிந்துதான் தேர்ந்தெடுத்தேன். யாரும் எதற்கும் எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதிக் கொடுத்ததில் இன்றும் வருத்தமில்லை. அதே உரிமத்தின் கடைசிப் பத்தியையும் ஒருமுறை படியுங்கள். முழுக்கப் பெரிய எழுத்துகளில் இருக்கிறது, ஆனாலும் யார் கண்ணிலும் படுவதில்லை. நிரல் உள்ளது உள்ளபடி தரப்படுகிறது, எந்த உத்தரவாதமும் இல்லை என்கிறது அது. 24 மணி நேரக் கெடுவுக்கு அதில் எங்கும் இடமில்லை.

கடைசியாக, கைவசம் இருக்கும் ஒரு வேலையைச் சொல்லிவிடுகிறேன். சமோவா நாடு 2011இல் சர்வதேசத் தேதிக் கோட்டின் மறுபக்கத்துக்கு மாறியபோது டிசம்பர் 30 என்ற நாளே அங்கு இல்லாமல் போனது. 29க்கு அடுத்து 31. என் நிரல் அந்த இல்லாத நாளை இன்னமும் சரியென்று ஏற்றுக்கொள்கிறது. பிழை அறிக்கை வந்து மூன்று ஆண்டுகளாகின்றன. சோதனை நிரலை எழுதி வைத்துவிட்டேன். மீதம் இரண்டு நாள் வேலை, நேர மண்டலங்களில் கொஞ்சம் பொறுமை உள்ளவருக்கு. யாரை அனுப்புகிறீர்கள்?

இப்படிக்கு,
உங்கள் சார்புப் பட்டியலில் எங்கோ நடுவில் இருக்கும் ஒரு பராமரிப்பாளன்