அத்திக்காயைப் பிளந்து பார்க்க ஒரு பீரியட் கொடுங்கள்

மேல்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கு,

வணக்கம். என் மகள் பிளஸ் ஒன்னில் பயாலஜி குரூப் படிக்கிறாள். அவள் பள்ளியில் செய்முறை வகுப்பை எடுத்துவிட்டு, அந்த நேரத்தில் நீட் மாதிரித் தேர்வு வைக்கிறார்கள். "உயிரியல்னா என்னம்மா?" என்று ஒருநாள் கேட்டேன். "நீட்ல 360 மார்க்" என்றாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எனக்கு மனசு கனத்துப்போனது.

போன ஞாயிற்றுக்கிழமை தெருமுனை அத்திமரத்தில் நாலைந்து காய் பறித்து வந்து பிளேடால் பிளந்தோம். உள்சுவர் முழுக்கப் பொடிப்பொடியாகப் பூக்கள். அத்தி பூத்தாற்போல என்கிறோமே, அந்தப் பூ வெளியில் வருவதே இல்லை. காய்க்குள்ளேயே பூத்து முடிந்துவிடுகிறது. இன்னொரு காயில் கறுப்பாக ஏதோ ஊர்ந்தது. எள்ளைவிடச் சிறியது. பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு என்று நாம் ஒதுக்குகிற அத்திக் குளவி அதுதான்.

பெண் குளவி காயின் நுனித் துளை வழியாக முண்டியடித்து நுழையும்போதே பெரும்பாலும் இறகு பிய்ந்துபோகும். பிறந்த காயிலிருந்து கொண்டுவந்த மகரந்தத்தைப் பூக்களில் சேர்த்து, சில பூக்களில் முட்டையிட்டு, உள்ளேயே செத்துவிடும். அதன் ஆண் பிள்ளைகளுக்கு இறகே கிடையாது. இணைசேர்ந்து, பெண் குளவிகள் வெளியேற வழி குடைந்துவிட்டு அவையும் சாகும். அத்திக்கு வேறு பூச்சி உதவாது. இந்தக் குளவிக்கு வேறு வீடு இல்லை.

"மரத்துல காய் இல்லாதப்போ குளவி எங்கப்பா போகும்?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. வெளியே வந்த குளவிக்கு ஆயுள் ஓரிரு நாள்தான். அதற்குள் பக்குவமான காயுள்ள வேறொரு மரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அதனால்தான் அத்திமரங்கள் எல்லாம் ஒரே சமயத்தில் காய்ப்பதில்லை. மற்ற மரங்கள் வெறுமையாக நிற்கும் நாளிலும் குயிலுக்கும் வௌவாலுக்கும் குரங்குக்கும் எங்காவது அத்திப்பழம் கிடைப்பதும் அதனால்தான்.

இதைத் தாவரவியல் புத்தகத்தில் வைப்பதா, விலங்கியலிலா? பாடத்தை வசதிக்காக இரண்டாகப் பிரித்தோம், சரி. ஆனால் உயிர்கள் அப்படிப் பிரிந்து வாழவில்லை. ஒன்றையொன்று எப்படித் தாங்குகின்றன என்று பார்ப்பதும் உயிரியல்தானே. மருத்துவராகப் போகிற பிள்ளைக்கும் இது வேண்டும்.

நீட் பயிற்சியை நிறுத்தச் சொல்லவில்லை. வாரம் ஒரு செய்முறை பீரியடைத் திருப்பிக் கொடுங்கள். ஒரு பிளேடும் கைலென்ஸும் போதும். காய்களை நாங்கள் பறித்துக் கொடுத்தனுப்புகிறோம்.

அன்புடன்,
ஒரு மாணவியின் தந்தை