அண்ணிக்கு: எண்ணெய்ச் சட்டியை விடுங்கள், பால் டின்னைப் பாருங்கள்

அன்புள்ள அண்ணிக்கு,

அண்ணனின் ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘கொழுப்புக் கல்லீரல்’ என்று வந்ததிலிருந்து உங்கள் சமையலறையில் நடக்கும் களையெடுப்பைப் பற்றிச் செய்தி வந்துகொண்டே இருக்கிறது. தாளிப்பு நின்றுவிட்டதாம். முட்டை வீட்டுக்குள் வருவதில்லையாம். தேங்காய்ப்பாலுக்கு விடுமுறை, அவித்த மீனும் வெறும் ரசமும்தான் என்று பிள்ளைகள் முறையிடுகிறார்கள். இது போதாதென்று, “அவள் எண்ணெய் ஊற்றிச் சமைத்துத்தான் என் பிள்ளைக்கு இப்படி ஆனது” என்று அம்மா பட்டர்வொர்த் முழுக்கச் சொல்லி வருகிறார். வாட்ஸ்அப்பில் விளக்கினால் நீங்கள் ஒரு கும்பிடு படத்தை அனுப்பிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவீர்கள். அதனால் எல்லோரும் பார்க்கும்படி இங்கே எழுதுகிறேன். இந்த ஊரில் உங்களைப் போல் பழி சுமக்கும் பெண்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குற்றம் உங்கள் தாளிப்புக் கரண்டியில் இல்லை. அண்ணன் வீட்டில் சாப்பிடுவதே ஒரு வேளை. மீதி எல்லாம் இந்தப் பினாங்கில், பாயான் லெபாஸ் தொழிற்சாலைக்கும் ஜெலுத்தோங் வீட்டுக்கும் நடுவே, தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடை மேசைகளில் முடிந்துவிடுகிறது. கேட்டால் “சாப்பாடே இல்லை, வெறும் தே தாரிக்தான்” என்பார். இனிப்புக் கட்டிப்பால் ஊற்றி ஆற்றிக் கொடுக்கும் தேநீர் அது. அந்த ‘வெறும்’தான் நம் விஷயம்.

கல்லீரலில் கொழுப்பு என்றதும், தின்ற எண்ணெய் நேரே அங்கே போய்ப் படிந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படி நடப்பதில்லை. அங்கே சேரும் கொழுப்பில் பெரும்பங்கு, வயிற்றைச் சுற்றி ஏற்கெனவே சேர்த்து வைத்ததிலிருந்து இரத்தம் வழியாக வந்து இறங்குவது. இன்னொரு பங்கைக் கல்லீரலே உற்பத்தி செய்கிறது, சர்க்கரையையும் மாவுச்சத்தையும் கொண்டு. 2005-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இந்நோய் உள்ள சிலரின் கல்லீரல் கொழுப்பு எங்கிருந்து வந்தது என்று தடம் பிடித்துப் பார்த்தார்கள். ஏறக்குறைய 59 சதவீதம் உடம்பிலிருந்த கொழுப்பு. 26 சதவீதம் கல்லீரல் தானே தயாரித்தது. உணவிலிருந்த கொழுப்பின் நேரடிப் பங்கு 15 சதவீதம். அந்த 15-ஐத் துரத்திக்கொண்டுதான் நீங்கள் முட்டையைத் தள்ளி வைத்திருக்கிறீர்கள்.

பிரான்சில் வாத்தின் கல்லீரலைக் கொழுக்க வைத்து விலை உயர்ந்த விருந்துப் பண்டமாக விற்கிறார்கள். அதற்காக வாத்தின் தொண்டைக்குள் திணிப்பது நெய்யோ வெண்ணெயோ இல்லை, மக்காச்சோளம். கொடுமையான வழக்கம்தான். ஆனால் தானியத்தைக் கொடுத்தே கல்லீரலில் கொழுப்பை நிரப்பிவிடலாம் என்பதற்கு அதைவிட நேரான சான்று எனக்குத் தெரியாது.

இனிப்பின் கதை இன்னும் மோசம். நாம் பயன்படுத்தும் சீனியில் பாதி குளுக்கோஸ், பாதி ஃபிரக்டோஸ். குளுக்கோஸை மூளை, தசை எல்லாம் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஃபிரக்டோஸின் பெரும்பகுதி கல்லீரல் தலையில்தான் விழுகிறது. அதிலும் குடிக்கும் இனிப்புக்கு மெல்லும் வேலை இல்லை, வயிறு நிறைந்த உணர்வும் இல்லை. உள்ளே போனதே தெரியாது. அடுத்த வேளைச் சோறு ஒரு கரண்டியும் குறையாது.

அடுத்த முறை கடைக்குப் போனால், தே தாரிக் ஆற்றுகிறவரின் உயர்த்திய கையையும் நுரையையும் வேடிக்கை பார்க்காதீர்கள். அதற்கு முன் நடப்பதைப் பாருங்கள். கட்டிப்பால் டின்னின் மூடியில் எதிரெதிராக இரண்டு ஓட்டை. குவளையின் மேல் கவிழ்த்ததும் வெளிர்மஞ்சளாகக் கட்டியான ஒரு கயிறு இறங்குகிறது. அடியில் ஒரு விரல் உயரம் சேர்ந்த பிறகுதான் தேயிலைச் சாயம் விழுகிறது. இன்று பல டின்களில் இருப்பது முழுப் பால்கூட இல்லை. செம்பனை எண்ணெயும் சீனியும் பால்மாவும் கலந்த கிரீமர். எடையில் ஏறக்குறைய பாதி சீனி. ஒரு மேசைக்கரண்டி 20 கிராம் என்று வைத்துக்கொண்டால் அதில் 10 கிராம் சீனி இருக்கும். ஒரு கிளாஸுக்கு இரண்டு கரண்டி என்று குறைத்தே கணக்குப் போடுங்கள். அண்ணன் குடிக்கும் நான்கு கிளாஸில் 80 கிராம். நாளொன்றுக்கு 2000 கலோரி உண்பவர் சேர்த்துக்கொள்ளும் சீனி 50 கிராமைத் தாண்டக்கூடாது, 25-க்குள் நின்றால் இன்னும் நல்லது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.

மலேசிய அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. 2019 ஜூலையிலிருந்து, 100 மில்லியில் 5 கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ள டின், பாட்டில் பானங்களுக்கு லிட்டருக்கு 40 காசு வரி போட்டது. 2025-இல் அதை 90 காசாக உயர்த்தியது. கடை மேசையில் ஆற்றிக் கொடுக்கும் கிளாஸ் அந்த வரிக் கணக்கில் வராது. அதற்கு வீட்டில்தான் வரி போட வேண்டும்.

ஒரேயடியாக ‘தே ஓ கோசோங்’, பாலும் சீனியும் இல்லாத தேநீர், என்றால் அண்ணன் உங்களோடு பேச மாட்டார். முதலில் நான்கை இரண்டாக்கட்டும். அந்த இரண்டும் ‘குராங் மானிஸ்’, இனிப்புக் குறைத்தது. பிறகு ஒன்றைக் கோப்பி ஓ கோசோங்காக, பாலும் சீனியும் இல்லாத காப்பியாக, மாற்றலாம். காப்பி குடிப்பவர்களிடம் கல்லீரல் தழும்பு குறைவாக இருப்பதைப் பல நாட்டு ஆய்வுகள் மறுபடி மறுபடி காட்டியிருக்கின்றன. அதற்காக ‘3 இன் 1’ பொட்டலத்தைப் பிரித்து ஊற்றிவிட்டு நான் சொன்னதாகச் சொல்லிவிடாதீர்கள். அது காப்பி வாசனை ஏற்றிய சீனி. காலையில் ஜூஸ் பிழிந்து கொடுக்கிறீர்களாமே, அதையும் நிறுத்துங்கள். கொய்யாவை அப்படியே கடித்துத் தின்னட்டும்.

சோற்றின் மேல் பல குழம்பு ஊற்றித் தரும் நாசி கண்டார் விஷயத்துக்கு வருகிறேன். பினாங்கில் பிறந்தவரிடம் நாசி கண்டாரை விடச் சொல்வது நடக்கிற காரியம் இல்லை, நானே விட மாட்டேன். ஆனால் தட்டைப் பாருங்கள்: சோறு மலையாக, அதன் மேல் நான்கு சட்டிக் குழம்பு ‘பஞ்சிர்’ (வெள்ளமாக), ஓரத்தில் ஒரே ஒரு வெண்டைக்காய். அதையே புரட்டிப் போட்டால் போதும். சோறு வழக்கத்தில் பாதிக்கும் குறைவு, வெண்டைக்காயும் முட்டைக்கோசும் கேட்டு வாங்கிய அளவு, ஒரு மீன் துண்டு அல்லது அவித்த முட்டை, குழம்பு ஒன்று. ‘தம்பா’, அதாவது மறுசோறு, கிடையாது. சுகாதார அமைச்சு சொல்லும் ‘சுக்கு சுக்கு செபாரோ’ இதுதான்: தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ பருப்போ, பாதி காய்கறியும் பழமும். அரசாங்கச் சுவரொட்டிகளில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான். தராசும் வேண்டாம், கலோரிப் புத்தகமும் வேண்டாம். இரவு ஷிப்ட் முடிந்து ஒரு மணிக்குச் சாப்பிடும் இரண்டு ரொட்டி சானாய் மட்டும் அடியோடு போக வேண்டும். ஒன்று ஏறக்குறைய 300 கலோரி. தின்றுவிட்டு நேரே படுக்கைக்குப் போகிறார்.

இவ்வளவு சொன்னதால் கொழுப்புக்கு முழு விடுதலை கொடுத்துவிட்டேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஸ்வீடனில் உப்சாலா பல்கலைக்கழகத்தார் இளைஞர்களை இரண்டு அணியாகப் பிரித்து, ஏழு வாரம் கூடுதலாக மஃபின் தின்ன வைத்தார்கள். ஓர் அணிக்குச் செம்பனை எண்ணெயில் செய்தது, மற்றதற்குச் சூரியகாந்தி எண்ணெயில் செய்தது. 2014-இல் முடிவு வெளிவந்தது. இரு அணியும் ஏறக்குறைய ஒரே அளவு எடை கூடின. ஆனால் கல்லீரலில் கொழுப்பு அதிகம் ஏறியது செம்பனை அணிக்கு. ஆகவே தேவைக்கு மேல் தின்னும்போது எந்தக் கொழுப்பு என்பதும் கணக்கில் வரும். தேங்காய்ப்பால் குழம்பு வாரத்தில் ஒரு நாள், இரண்டு நாள் இருக்கட்டும். மீன் குழம்புக்குத் தாளிக்கும் ஒரு கரண்டி எண்ணெயைத் திருப்பிக் கொண்டு வாருங்கள். முட்டையையும்தான். மஞ்சள் கருவில் கோலின் என்ற சத்து இருக்கிறது; கல்லீரல் தன்னிடமுள்ள கொழுப்பை வெளியே அனுப்ப அது தேவை. அது பற்றாமல் போனாலே கல்லீரலில் கொழுப்பு தங்கும். கல்லீரலுக்காக நீங்கள் விரட்டியது கல்லீரலின் நண்பனை.

அண்ணன் சொல்லும் சமாதானம் எனக்கும் வந்தது: “நான் குண்டே இல்லை, 34 அங்குலக் கால்சட்டைதான் போடுகிறேன்.” அந்தக் கால்சட்டை தொப்பைக்குக் கீழே நிற்கிறது, அண்ணி. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே அளவு நாடாவை வைத்துப் பாருங்கள். நம்மைப் போன்ற ஆசியர்களில் ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 என்பதுதான் எல்லை. உங்களுக்கும் ஒருமுறை அளந்துகொள்ளுங்கள், கோபப்பட வேண்டாம்.

இனி நல்ல செய்தி. கல்லீரல் மன்னிக்கும் உறுப்பு. அண்ணன் 86 கிலோ. அதில் 3 முதல் 5 சதவீதம், அதாவது இரண்டரை முதல் நான்கேகால் கிலோ இறங்கினாலே கொழுப்பு குறையத் தொடங்கும். ஆறு கிலோவைத் தாண்டினால் வீக்கமும் தணியும். 10 சதவீதம், எட்டரை கிலோ இறங்கியவர்களில் பலருக்குத் தழும்புகூடப் பின்வாங்கியிருக்கிறது. ஆனால் அவசரம் வேண்டாம். பட்டினி கிடந்து மளமளவென்று இளைத்தால் பித்தப்பையில் கல் உருவாகும், கல்லீரலும் திணறும். வாரத்துக்கு அரைக் கிலோ போதும். எடை நகராத வாரங்களிலும் நடை வீண் போகாது. முள் இறங்காவிட்டாலும் நடப்பவரின் கல்லீரல் கொழுப்பு குறைகிறது. வாரத்தில் 150 நிமிடம். வீட்டுக்குப் பக்கத்திலேயே கர்ப்பால் சிங் சாலைக் கடலோரம் இருக்கிறது, தண்ணீர்மலை வரை போக வேண்டியதில்லை. சனிக்கிழமை பீரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. நிறுத்தச் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

எனக்கு உண்மையில் பயம் தந்தது வேறொன்று: ஃபேஸ்புக்கில் பார்த்து நீங்கள் வரவழைத்த ‘கல்லீரல் சுத்திகரிப்பு’ கேப்சூல். கல்லீரலை யாரும் கழுவ வேண்டியதில்லை, கழுவவும் முடியாது. குழம்பில் போடும் கொடம்புளி பாதுகாப்பானது. அதன் சாற்றைச் செறிவாக்கி மெலியும் மாத்திரையாக விற்றபோது சிலருக்குக் கல்லீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டிருக்கிறது. பச்சைத் தேயிலைச் சாற்றுக்கும், மிளகுச் சாறு சேர்த்த மஞ்சள் கேப்சூலுக்கும் அதே கதை உண்டு. இயற்கை மூலிகை என்று விற்ற மெலியும் காப்பிகளில், இதயத்துக்கு ஆபத்து என்று விலக்கப்பட்ட சிபுட்ராமின் மருந்தை நம் நாட்டு அதிகாரிகளே பலமுறை கண்டுபிடித்திருக்கிறார்கள். டப்பாவில் ‘மால்’ (MAL) என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். எண் இருந்தாலும் டாக்டரிடம் காட்டாமல் கொடுக்காதீர்கள். கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கலாமா என்று அம்மா கேட்பார். நம் வீடுகளில் அது மஞ்சள் காமாலைக்குக் கொடுத்த மருந்து, இது வேறு நோய்.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது நீங்களும் உள்ளே போங்கள். அண்ணனைத் தனியாக விட்டால் “எல்லாம் ஓகே” என்று வெளியே வருவார். தழும்பு இருக்கிறதா என்று கேளுங்கள். வயது, இரண்டு கல்லீரல் நொதிகள், இரத்தத் தட்டணுக்கள், இந்த நான்கையும் வைத்து ‘ஃபிப்-4’ என்று ஒரு கணக்கு இருக்கிறது, அதைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சந்தேகம் வந்தால் ஃபைப்ரோஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள்; கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று பார்க்கும் ஸ்கேன் அது, வலிக்காது. நொதி அளவு சரியாக இருந்தாலும் நோய் இருக்கலாம், அதனால் அந்த ஒரு எண்ணைக் காட்டி அவர் தப்பிக்க விடாதீர்கள். கல்லீரலைத் தாக்கும் ஹெப்படைட்டிஸ் பி கிருமிக்கான சோதனையும் செய்யட்டும். பிறந்த குழந்தைகளுக்கெல்லாம் அந்தத் தடுப்பூசி நம் நாட்டில் 1989-இல்தான் வந்தது, அண்ணன் அதற்கு முன்னால் பிறந்தவர்.

இரத்தச் சோதனை முடிவு கைக்கு வந்ததும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். அந்தக் கேப்சூல் டப்பாவையும் இன்றைக்கே அனுப்புங்கள், லேபிளின் பின்பக்கம் தெரியும்படி.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்