பிறப்பு விகிதச் சரிவுக்கு உடம்பு மட்டும் காரணமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பிறப்பு விகிதம் சரிவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மலட்டுத்தன்மை பெருகியதே முதல் காரணம் என்கிறார் கட்டுரையாளர். இதை என்னால் ஏற்க முடியவில்லை. குழந்தைக்காக ஏங்கும் தம்பதியரின் வேதனை உண்மை, அவர்களுக்கு நல்ல சிகிச்சை கிடைக்கவே வேண்டும். ஆனால் ஒரு நாட்டின் பிறப்புக் கணக்கு ஏறி இறங்குவதற்கு அது மட்டும் விளக்கமாகாது.

1966-ஆம் ஆண்டையே எடுத்துக்கொள்வோம். ஜப்பானில் அது 'நெருப்புக் குதிரை' ஆண்டு. அறுபது ஆண்டுக்கு ஒருமுறை வரும் அந்த ஆண்டில் பிறக்கும் பெண் கணவன் உயிருக்கு ஆகாதவள் என்பது அங்கே பழைய நம்பிக்கை. 1965-இல் சுமார் 18 லட்சம் குழந்தைகள் பிறந்த நாட்டில், 1966-இல் பிறந்தவை 14 லட்சத்துக்கும் குறைவு. மறு ஆண்டே 19 லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஒரே ஆண்டில் அத்தனை பேர் உடம்பும் கெட்டு, அடுத்த ஆண்டே தேறிவிடுமா?

அதே 1966 அக்டோபரில் ருமேனியாவில் சௌசெஸ்குவின் கம்யூனிஸ்ட் அரசு கருக்கலைப்புக்குத் தடை போட்டது. கருத்தடைச் சாதனங்களும் எளிதில் கிடைக்கவில்லை. பெண்ணுக்குச் சராசரி இரண்டுக்கும் சற்றுக் குறைவாக இருந்த குழந்தைகள் எண்ணிக்கை 1967-இல் 3.7-ஐத் தொட்டது. அப்புறம்? பெண்கள் மறைவாக வழி தேடினார்கள், விகிதம் திரும்ப இறங்கியது. ஆனால் பாதுகாப்பற்ற கருக்கலைப்பில் பல பெண்கள் உயிரை விட்டார்கள். 1989 கடைசியில் தடை நீங்கியதும், பேறுகால மரண விகிதம் அடுத்த ஆண்டே ஏறத்தாழப் பாதியாகிவிட்டது. சட்டம் போட்டுப் பிள்ளை பெறவைக்கலாம் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

உடம்புக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. சொல்லப்போனால், தாய்ப்பாலைக் கட்டுரை தொடவே இல்லை என்பது எனக்குப் பெரிய குறை. குழந்தை அடிக்கடி பால் குடித்தால் தாய்க்குப் பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் கூடும், சினைமுட்டை வெளிவருவது தள்ளிப்போகும். ஆப்பிரிக்காவின் கலஹாரிப் பாலைவனத்தில் வேட்டையாடி வாழ்ந்த குங் மக்களிடம் கைக்குழந்தை பகலெல்லாம் தாயோடுதான் இருக்கும். மணிக்குப் பல தடவை, ஓரிரு நிமிடம் குடித்துவிட்டு விளையாடப் போகும். கருத்தடை எதுவும் இல்லாமலே அவர்களிடம் பிள்ளைக்குப் பிள்ளை நான்கு ஆண்டு வரை இடைவெளி இருந்தது. வட அமெரிக்காவின் ஹட்டரைட் என்ற கிறிஸ்தவச் சமூகத்தாரும் கருத்தடையை ஏற்காதவர்கள். ஆனால் சென்ற நூற்றாண்டின் முற்பாதியில் அங்கே மணமான பெண்ணுக்குச் சராசரி பத்துக் குழந்தைகள். எல்லாம் மனித உடம்புதான். உணவும் உழைப்பும் பால் கொடுக்கும் முறையும் அல்லவா வேறு?

வயதும் அப்படித்தான். 35-க்கு மேல் கருத்தரிக்கும் வாய்ப்பு வேகமாகக் குறைகிறது, இழந்த ஆண்டுகளைச் சோதனைக்குழாய் முறையால் முழுதாக ஈடுகட்ட முடியாது. ஆனால் அந்த வயது வரை ஏன் தள்ளிப்போகிறது? நீளும் படிப்பு, நிலையில்லாத வேலை, எட்டாத வீட்டு விலை. தென் கொரியாவில் திருமணத்துக்கு வெளியே குழந்தை பெறுவது அரிது என்பதால், கல்யாணம் தள்ளிப்போனால் குழந்தையும் தள்ளிப்போகிறது. 2023-இல் அங்கே பெண்ணுக்குச் சராசரி 0.72 குழந்தைதான்.

பேறுகால விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பும் பெண்ணுக்கு என்ன நடக்கிறது, இரவில் அழும் குழந்தைக்கு வீட்டில் யார் எழுந்திருக்கிறார்கள் என்பதையும் விசாரித்து ஒரு கட்டுரை வெளியிடுங்கள். அதில் ஆண்களையும் பேசவையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி