ஏரிப் பாசன விவசாயிகள் சங்கம்: 2024–25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், மூன்று மதகுகளின் பாசனதாரர்களுக்கும், ஊர்ப் பெரியவர்களுக்கும், தாய்மார்களுக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை சங்கம் செய்த வேலைகளை உங்கள் முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். அறுவடை நெருக்கடியில் தள்ளிப்போன ஒன்றிரண்டு தவிர மாதக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. வரத்துக் கால்வாயில் முள் வெட்டினோம், மேல்மதகின் ஷட்டரைச் சரிசெய்தோம். இரண்டுக்கும் வந்து நின்ற எல்லோருக்கும் நன்றி. மற்றபடி இந்த ஆண்டை ஒரே ஒரு வேலை எடுத்துக்கொண்டது: மனைகளால் அடைபடும் நம் பாசன வாய்க்கால்களைக் காப்பது. அதை விரிவாகச் சொல்ல வேண்டும்.

போன சொர்ணவாரிப் பட்டத்தில் (சித்திரையை ஒட்டித் தொடங்கும் நெல் பருவம்) நடுமதகின் கடைமடையில் நாற்று காய்ந்தது. ஏரியில் தண்ணீர் இருந்தது, மதகும் திறந்துதான் இருந்தது. போய்ப் பார்த்தால், மதகுக்குக் கீழே மனைப்பிரிவுக்காக வாங்கிய வயல்களில் இடுப்பளவு மண் கொட்டி மேடாக்கியிருந்தார்கள். பெரிய வாய்க்காலை யாரும் தொடவில்லை. அது புறம்போக்கு, அதற்கென்று புல எண் இருக்கிறது. மூடியது, அதிலிருந்து பிரிந்து பட்டா நிலத்துக்குள் ஓடிய கிளை வாய்க்காலை.

நம் கிளை வாய்க்கால்களில் பெரும்பாலானவை புலப்படத்தில் இல்லை. வரப்போரம் போகிற அவை அந்தந்தப் பட்டாதாரரின் நிலமாகவே கணக்கில் இருக்கின்றன. அதற்கும் கீழே வயலுக்கு வயல் தண்ணீர் விட்டுக்கொள்வது காலம் காலமான வழக்கம். எழுத்தில் எங்கும் இல்லை. மனைப்பிரிவு வரைபடத்தை மேசையில் வைத்துப் பார்ப்பவருக்கு அங்கே வாய்க்கால் ஓடியது தெரிய வழியே கிடையாது. சாலை அகலம், பொது உபயோகத்துக்கு விட வேண்டிய 10 சதவீத இடம், எல்லாம் சரியாக இருந்தன. அனுமதியும் முறைப்படி வாங்கியதுதான். அனுமதியில்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பர் 9-இல் உத்தரவிட்டபோது, நம் நன்செய் தப்பித்தது என்று நான் நம்பினேன். அனுமதி பெற்ற மனையும் வாய்க்காலை அடைக்கும் என்பது இந்த ஆண்டுதான் புரிந்தது.

தண்ணீர் ஏறாத வயல் இரண்டு பட்டம் சும்மா கிடக்கும். கிராமப் பயிர்க் கணக்கான அடங்கலில் தரிசு என்று எழுதுவார்கள். அப்புறம் அதை விற்பதற்கோ, உபயோகத்தை மாற்றக் கேட்பதற்கோ யாரும் காரணம் தேட வேண்டியதில்லை. ஒருவர் விற்றது ஐந்து ஏக்கர் என்றால், தண்ணீர் இழப்பது அதற்குக் கீழே உள்ள அத்தனை ஏக்கரும். ஏரிப் பாசன நிலத்தைப் புல எண் புல எண்ணாகப் பிரித்துப் பார்த்து முடிவெடுப்பதுதான் தவறு என்று சங்கம் உறுதியாக நினைக்கிறது.

நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் மழை பெய்தபோது இதையே வேறு விதமாகப் பார்த்தோம். முன்பெல்லாம் வயல்களில் பரவி மெதுவாக வடிந்த தண்ணீர் இந்த முறை புது மனைத் தெருக்களில் நின்றது. அங்கே வங்கிக் கடன் வாங்கி வீடு கட்டிக் குடிவந்தவர்கள் நம் அண்டை வீட்டார். அவர்களில் நான்கு பேர் டிசம்பர் கூட்டத்துக்கு வந்து, வாய்க்காலைத் திறக்க என்ன செய்யலாம் என்று கேட்டார்கள். அவர்களையும் ஆதரவு உறுப்பினர்களாகச் சேர்க்கலாம் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. பொதுக்குழு ஒப்புதல் தர வேண்டும்.

இனி திட்டத்தின் பக்கம். 2022 அக்டோபரில் சென்னைப் பெருநகர்ப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்தது. திருவள்ளூருக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் இடையில் இருக்கும் நம் ஊரும் அதற்குள் வந்துவிட்டது. எண்ணூரிலிருந்து மாமல்லபுரம் வரை போகும் எல்லைச் சாலை நம் பக்கத்தில்தான் வருகிறது. அதோடு தரகர்களும் வருகிறார்கள். பெருநகரின் நிலப் பயன்பாட்டை வகுக்க 2008-இல் நடைமுறைக்கு வந்த இரண்டாம் முழுமைத் திட்டத்தின் காலம் 2026-ஓடு முடிகிறது. மூன்றாம் திட்டம் தயாராகிக்கொண்டிருக்கிறது. எந்த நிலம் குடியிருப்பு, எது தொழிற்சாலை, எது விவசாயம் என்று அதில் போடும் நிறம் நம் பிள்ளைகள் காலம் வரை நிற்கும். வரைவு வெளியான பிறகு ஆட்சேபம் சொல்ல 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டம் கால அவகாசம் தருகிறது. ஆனால் நிறம் அடித்து முடித்த படத்தை மாற்றுவதைவிட, அடிக்கும் முன் விவரம் கொடுப்பது சுலபம்.

அதனால் செப்டம்பரில் தொடங்கி வாய்க்கால்களை மதகுவாரியாக நடந்தே கணக்கெடுத்தோம். மடை திறந்து பழகிய பெரியவர்கள் முன்னால் போக, கல்லூரிப் பிள்ளைகள் கைப்பேசியில் இடம் குறித்துக்கொண்டு பின்னால் போனார்கள். எந்தக் கிளை எந்தப் புல எண்ணுக்குள் நுழைகிறது, எந்த வயலைத் தாண்டி எந்த வயலுக்குப் பாய்கிறது, எங்கே வடிகிறது என்று ஒவ்வொன்றாக எழுதினோம். மேல்மதகும் நடுமதகும் முடிந்தன. எண்பது வயதில் வரப்பில் நடந்து வழி காட்டிய இரண்டு தாத்தாக்களுக்கும் சங்கம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. அவர்கள் சொல்லாமல் இருந்திருந்தால் பாதி வாய்க்கால் நமக்கே தெரிந்திருக்காது.

ஜனவரிப் பொதுக்கூட்டத்தில் எழுந்த கேள்வியை மறைக்காமல் பதிவு செய்கிறேன். “என் நிலத்துக்கு விவசாயம் என்று பச்சை அடித்துவிட்டால் நாளைக்குப் பொண்ணு கல்யாணத்துக்கு விலை போகாது. அதற்குச் சங்கம் பொறுப்பேற்குமா?” என்று ஓர் உறுப்பினர் கேட்டார். நியாயமான கேள்வி. விற்றவர்களை யாரும் குறை சொல்லக் கூடாது. நெல் விலையில் கடன் அடையாததால்தான் பலர் விற்றார்கள். ஊருக்குத் தண்ணீர் பிடித்துவைக்கும் நிலத்தை வைத்திருப்பவர் மட்டும் அதற்கான நஷ்டத்தைச் சுமக்கக் கூடாது. சாலை அகலப்படுத்த இடம் கொடுப்பவருக்கு மாற்றத்தக்க வளர்ச்சி உரிமை, அதாவது வேறிடத்தில் கூடுதலாகக் கட்டவோ பிறருக்கு விற்கவோ முடிகிற உரிமை, தருகிறார்கள். அதே மாதிரி ஒன்றை ஏரித் தண்ணீர் பாயும் ஆயக்கட்டு நிலத்துக்கும் யோசிக்க வேண்டும் என்று, மூன்றாம் திட்டத்துக்காக அரசு அலுவலகங்களுக்குக் கொடுக்கும் மனுவில் சேர்த்தோம். அவருக்கு முழுத் திருப்தி இல்லை. எனக்கும் இது போதும் என்று தோன்றவில்லை. ஆனாலும் அவரே கையெழுத்துப் போட்டார்.

மனுவில் கேட்டவை இவை: மூன்று மதகுகளின் ஆயக்கட்டையும் ஒரே தொகுப்பாக விவசாய உபயோகமாகக் காட்ட வேண்டும். வரத்துக் கால்வாயோடு பட்டா நிலத்துக்குள் ஓடும் கிளைகளையும் படத்தில் குறிக்க வேண்டும். தொகுப்பின் நடுவில் தனிப் புல எண்ணுக்கு உபயோக மாற்றம் தரக் கூடாது. வீடுகளுக்கு, ஊர்க் குடியிருப்பான நத்தத்தை ஒட்டிய புன்செய்யையும் ஏற்கனவே பிரித்துக் காலியாகக் கிடக்கும் மனைகளையும் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மனுவைக் கொடுத்த ஓர் அலுவலகத்தில் வெகு நாள் பதிலே இல்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்ட பிறகுதான், வேறு பிரிவுக்கு அனுப்பியதாகக் கடிதம் வந்தது. அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானம் நிறைவேறியது பெரிய பலம். ஜனவரி 5-ஓடு ஊராட்சி மன்றத்தின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் பொறுப்பில் இருப்பதால், நமக்காகப் போய்ப் பேசத் தலைவர் இல்லை. நாமேதான் போக வேண்டும்.

நடுமதகில் அடைபட்ட கிளைக்குப் பதிலாக, மனைத் தெருவின் ஓரமாகக் குழாய் பதித்துக் கடைமடைக்குத் தண்ணீர் கொண்டுபோக மனைக்காரர்கள் சம்மதித்திருக்கிறார்கள். செலவைப் பாதிப் பாதியாகப் பிரிக்கலாம் என்று பேச்சு. வரும் சொர்ணவாரிக்கு முன் முடித்தாக வேண்டும்.

கடைமதகின் விவரம் இன்னும் பாக்கி. அந்தப் பக்கம் பழைய பட்டா, பாகப் பத்திரம், தண்ணீர் முறை எழுதிவைத்த நோட்டு எது யாரிடம் இருந்தாலும், கூட்டம் முடிந்ததும் என்னிடம் காட்டுங்கள். நகல் எடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தருகிறேன்.

செயலாளர்