வக்கீலுக்கு, ஒரு பழைய வழக்கு பற்றி

அன்புள்ள வக்கீலுக்கு,

எட்டு மாதமாகப் பதில் போடாமல் இருந்தது தப்புதான். உன் இரண்டு கடிதங்களும் கண்ணெதிரே மேசையில் கிடக்கின்றன. இங்கே எல்லோரும் நலம். நெட்டைக்குப் பதவி உயர்வு வந்த செய்தி உனக்கும் எட்டியிருக்கும். ஆனால் போனில் இன்னும் அதே கத்தல்தான். வாத்தியார் கண் அறுவை முடிந்து வீடு திரும்பிவிட்டார். உன்னைத்தான் முதலில் விசாரித்தார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வாரமாக ஒரே ஒரு கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. அதை உன்னிடம்தான் கொட்ட வேண்டும். மூன்றாவது படியில் உட்கார்ந்துகொண்டு அதை முதன்முதலில் கேட்டவனே நீதானே.

நாங்கள் ஆறேழு பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் பேருந்து நிறுத்தத்தில் நின்று கையெழுத்து வாங்குகிறோம். பெரிய நிறுவனங்களுக்கு நியாயமான வரி, உழைப்பவர்களுக்கு வாழப் போதுமான கூலி, கரியமில வாயுவுக்குக் கட்டுப்பாடு, இவைதான் கோரிக்கைகள். பாதிப் பேர் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடிவிடுவார்கள். அன்று வந்த ஒரு அம்மா அப்படி ஓடவில்லை. தையல் வேலை செய்பவர் என்று அவர் விரலே சொல்லியது. நுனியெல்லாம் ஊசி பட்டுக் காய்த்திருந்தது. படிவத்தை இரண்டு முறை படித்தார். பேனாவைத் திறந்தார். திறந்த கையோடு நிமிர்ந்து, "இங்கே கூலியை ஏத்தினா ஆர்டரைப் பக்கத்து நாட்டுக்குத் தூக்கிட்டுப் போயிடுவாங்கன்னு எங்க சூப்பர்வைசர் மாசம் ஒரு தரம் சொல்றாரு. அங்க தைக்கிறவங்களும் இதே பேப்பர்ல கையெழுத்துப் போடறாங்களா?" என்று கேட்டார்.

என்னிடம் பதில் இல்லை. அவர் காத்திருந்து பார்த்தார். பஸ் வந்தது. பேனாவை மூடியைப் போட்டு மூடி, என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அந்த மூடி போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது, வக்கீல்.

"நாம் மட்டும் யோக்கியனாக இருந்தால் அடுத்தவன் நம் சோற்றைத் தின்றுவிட்டுப் போவான்" என்று நீ சொன்னபோது நானும் வாத்தியாரும் உன்னை எப்படிப் பிடித்துக்கொண்டோம்! சுயநலம், கோழை என்று என்னென்னவோ சொன்னோம். அந்த வார்த்தைகளை இப்போது திரும்ப வாங்கிக்கொள்கிறேன். நீ கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் அதோடு வழக்கை முடித்துவிட்டு எழுந்து போனாயே, அதைத்தான் ஒப்புக்கொள்ள முடியாது. மீதிப் பாதியை இந்த மூன்று வாரமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

பிரிட்டனில் ஜான் பன்ஸல் என்ற தொழிலதிபர் தொடங்கிய ஒரு இயக்கம் இருக்கிறது. அவர்கள் கேட்கும் உறுதிமொழி உனக்குப் பிடிக்கும், ஏனென்றால் அதில் உன் சந்தேகமே ஒரு ஷரத்தாக இருக்கிறது. "போதுமான நாடுகள் ஒப்புக்கொண்ட பிறகு, எல்லோரும் ஒரே நேரத்தில் நடைமுறைப்படுத்துவோம்" என்று வேட்பாளர் கையெழுத்திட வேண்டும். மற்றவர்கள் வரும்வரை அவர் நாட்டுக்கு ஒரு காசு நஷ்டமில்லை. கையெழுத்திடும் வேட்பாளருக்கே வாக்களிப்போம் என்று வாக்காளர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். கட்சி பேதமில்லாமல் அங்கே பல எம்.பி.க்கள் கையெழுத்திட்டிருக்கிறார்கள்.

நாலு பேர் சொன்னால் வேட்பாளர் கேட்பாரா என்று உடனே கேட்பாய். 2017 பொதுத் தேர்தலில் அங்கே நார்த் ஈஸ்ட் ஃபைஃப் என்ற தொகுதியில் வென்றவருக்கும் தோற்றவருக்கும் இடையே இருந்த வித்தியாசம் எத்தனை தெரியுமா? 2 வாக்கு. இரண்டாயிரம் இல்லை, இரண்டே இரண்டு. அப்படிப்பட்ட இடத்தில் ஐம்பது பேர் ஒன்றாக நின்று ஒரு கேள்வி கேட்டால், இரண்டு வேட்பாளர்களும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்பார்கள்.

இதில் எனக்கு இன்னொன்று புரிந்தது. "எல்லோரும் வந்தால் நானும்" என்பது புதுச் சரக்கே இல்லை. உலக ஒப்பந்தங்கள் பலவற்றின் கடைசிப் பக்கங்களில் அது சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. கண்ணிவெடித் தடையையே எடுத்துக்கொள். 1992-ல் ஆறு அமைப்புகள் சேர்ந்து தொடங்கிய பிரச்சாரம். 1997 டிசம்பரில் ஒட்டாவாவில் 122 நாடுகள் கையெழுத்திட்டன. அந்த ஆண்டு அமைதி நோபல் பரிசும் அந்தப் பிரச்சாரத்துக்கும் ஜோடி வில்லியம்ஸுக்கும் போனது. ஆனால் 40 நாடுகள் ஏற்புறுதி, அதாவது கையெழுத்துக்குப் பிறகான இறுதி ஒப்புதல், தரும்வரை அந்த ஒப்பந்தம் யாரையும் கட்டாது என்று அதிலேயே எழுதியிருந்தது. எண்ணிக்கை நிறைந்து, 1999 மார்ச் 1-ல் அது நடைமுறைக்கு வந்தது.

கரியமில வாயுவைக் குறைப்பதற்கான கியோட்டோ ஒப்பந்தத்தில் இந்த நிபந்தனைப் பூட்டு இன்னும் பலம். 55 நாடுகள் சேர்ந்தால் மட்டும் போதாது. தொழில்வள நாடுகளின் 1990-ஆம் ஆண்டுக் கரியமில வாயுவில் 55 சதவீதத்துக்குப் பொறுப்பானவர்களும் உள்ளே வர வேண்டும். 2001-ல் அமெரிக்கா கழன்றுகொண்டது. ரஷ்யா வந்தால்தான் கணக்கு சரியாகும் என்ற நிலை. 2004 நவம்பரில் ரஷ்யா ஏற்றது. 2005 பிப்ரவரி 16-ல் பூட்டு திறந்தது. அது என்னத்தைச் சாதித்தது என்று நீ தனியாகச் சண்டை போடலாம், நானும் வருகிறேன். நான் சொல்ல வருவது பூட்டின் அமைப்பை மட்டும்தான்: சின்ன நாடுகள் மட்டும் வந்து எண்ணிக்கையை நிரப்பிவிட முடியாது, பாரம் சுமக்க வேண்டியவர்களும் வந்தாக வேண்டும்.

2021 அக்டோபரில் 136 நாடுகள் ஒப்புக்கொண்ட 15 சதவீதக் குறைந்தபட்ச நிறுவன வரியில் இதைவிட சாமர்த்தியமான ஒன்று உண்டு. ஒரு நாடு வரியைக் குறைத்து நிறுவனத்தை இழுத்தால், குறையும் தொகையை இன்னொரு நாடு வசூலித்துக்கொள்ளலாம். வெளியே நிற்பவனுக்கு லாபம் இல்லை, பணம்தான் கைவிட்டுப் போகிறது. நீ சொன்ன "சோற்றைத் தின்பவன்" கதை இங்கே தலைகீழாகிறது, பார்.

இதையெல்லாம் படித்த வேகத்தில் வாத்தியாருக்கு போன் போட்டு அரை மணி நேரம் பேசினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கண்ணிவெடி ஒப்பந்தம் இப்போ எப்படி இருக்குன்னு பார்த்தியா?" என்றார். பார்த்தேன். அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை. 2025-ல் எஸ்டோனியா, லாத்வியா, லிதுவேனியா, பின்லாந்து, போலந்து ஆகிய ஐந்தும் விலக முடிவெடுத்திருக்கின்றன. காரணம் ரஷ்யா. அது அந்த ஒப்பந்தத்தில் என்றுமே சேர்ந்ததில்லை. அமெரிக்காவும் சீனாவும் இந்தியாவும் சேர்ந்ததில்லை. பக்கத்து வீட்டுக்காரன் கையெழுத்துப் போடாத தாளில் எத்தனை நாள்தான் பயத்தோடு கட்டுப்பட்டிருப்பது? அந்த அம்மா கேட்டதும் இதைத்தான். அந்த ஒப்பந்தம் நாடுகளின் எண்ணிக்கையை மட்டும் கேட்டது, எந்த நாடுகள் என்று கேட்கவில்லை. அந்த ஒப்பந்தத்தால் உயிர் பிழைத்தவர்கள், கால் தப்பியவர்கள் எத்தனையோ பேர். அதை நான் ஒருநாளும் குறைத்துப் பேச மாட்டேன். ஆனாலும் அந்த ஒரு ஓட்டை வழியாகத்தான் பயம் உள்ளே நுழைந்திருக்கிறது.

வாக்குக்கு மதிப்பே இல்லாத நாடுகளில் இருப்பவர்கள் வேட்பாளரிடம் எப்படிக் கேட்பார்கள் என்று நீ அடுத்துக் கேட்பாய். அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஒன்று மட்டும் தெரியும்: சட்டை தைக்கும் நாடுகளில் மட்டும் கையெழுத்து வாங்கிப் பயனில்லை, சட்டையை வாங்கும் நாடுகளிலும் அதே வாசகம் வேண்டும். 1998 மே 16 அன்று பர்மிங்காமில் ஜி-8 என்ற எட்டு பெரிய நாடுகளின் மாநாட்டைச் சுற்றி சுமார் 70,000 பேர் கைகோத்து நின்றதைப் பற்றி நெட்டை ஓயாமல் பேசுவானே, ஏழை நாடுகளின் கடனைத் தள்ளச் சொல்லி? அங்கே நின்றவர்களில் பெரும்பாலோர் கடன் கொடுத்த நாட்டுக்காரர்கள். அடுத்த ஆண்டு கொலோனில் ஜி-8 தலைவர்கள் கடன் தள்ளுபடியை விரிவாக்க ஒப்புக்கொண்டதற்கு அந்த அழுத்தமும் ஒரு காரணம்.

அதனால் எங்கள் படிவத்தை மாற்றுகிறோம். மூன்று கோரிக்கைகளுக்கும் கீழே ஒரு வரி சேர்க்க வேண்டும். நான் எழுதியது இது: "எங்களோடு போட்டியிடும் நாடுகளும் எங்களிடம் வாங்கும் நாடுகளும் ஒப்புக்கொண்ட நாளில், அவர்களோடு சேர்ந்து இதை நடைமுறைப்படுத்த வேண்டும், அந்த நாள் வரும்வரை அதற்காக வெளிப்படையாகப் பேச வேண்டும்." பின்பாதி வாத்தியார் சேர்த்தது. அது இல்லாவிட்டால் எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்துவிடுவார்கள் என்கிறார். சரிதான் என்று படுகிறது. "போட்டியிடும் நாடுகள்" என்பதை யார் முடிவு செய்வது? அந்த இடத்தில் எனக்கு நெருடுகிறது.

பக்கத்து நாட்டில் இதே மாதிரி நிற்பவர்கள் யாராவது இருக்கிறார்களா என்றும் விசாரித்து இரண்டு பேருக்கு எழுதியிருக்கிறேன். ஒருவர் பதில் போட்டார். அவரிடமும் தைப்பவர்கள் இதே கேள்வியைத்தான் கேட்கிறார்களாம், நம் பக்கத்தைக் காட்டி.

படிவம் சனிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதற்குள் அந்த வரியை உன் பாணியில் குறுக்கு விசாரணை செய்து, எங்கே கிழிகிறதோ அங்கே சிவப்பு மையில் கோடு போட்டு அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை அதே நிறுத்தத்தில், அதே நேரத்துக்கு நிற்கப்போகிறேன். அந்த அம்மா அந்த பஸ்ஸுக்குத்தான் வருவார்.

அன்புடன்,
உன் மூன்றாவது படி எதிர்க்கட்சி