தோசைக்கல்லில் ஓடும் துளிக்குத் திசை காட்டலாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

காய்ந்த தோசைக்கல்லில் தெளித்த தண்ணீர் ஏன் முத்து முத்தாக உருண்டு ஓடுகிறது என்று ஒரு மாணவி ஞாயிறு இணைப்பில் கேட்டிருந்தார். துளிக்கு அடியில் நீராவிப் படலம் உண்டாகி அதைத் தூக்கிப் பிடிக்கிறது என்று பதில் போட்டிருந்தீர்கள். பதில் சரிதான். ஆனால் அதோடு நிறுத்திவிட்டீர்களே என்பதுதான் என் ஆதங்கம், விஷயத்தின் ருசியான பகுதியே அதற்கு அப்புறம்தான் வருகிறது.

இந்த மிதப்பைப் பற்றி 1756இலேயே ஜெர்மானிய மருத்துவர் லைடன்ஃப்ராஸ்ட் எழுதிவிட்டார், பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கரண்டியில் தண்ணீர்ச் சொட்டு விட்டுப் பார்த்துத்தான். தோசைக்கல்லிலோ கரண்டியிலோ துளி எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது. 2006இல் அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் ஹைனர் லிங்கெ தலைமையிலான குழு ஒரு பித்தளைத் தகட்டில் ரம்பப் பல் மாதிரி, ஒரு பக்கம் சாய்வு ஒரு பக்கம் செங்குத்து என்று வரிவரியாக வெட்டி, அதைச் சூடாக்கி அதன்மேல் துளி விட்டார்கள். பல்லுக்குப் பல் 1.5 மில்லிமீட்டர், ஆழம் 0.3 மில்லிமீட்டர், அவ்வளவுதான். துளி நொடிக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வேகத்தில் ஒரே திசையில் ஓடியது. லேசான ஏற்றத்தில்கூட ஏறியது. மோட்டார் கிடையாது, பம்பு கிடையாது.

எது தள்ளுகிறது? துளிக்கு அடியிலிருந்து ஆவி ஓயாமல் வெளியேறிக்கொண்டே இருக்கிறது. சமதளத்தில் அது நாலா பக்கமும் ஒரே அளவில் போய்விடுவதால் எந்தத் திசைக்கும் இழுப்பு இல்லை. பல் வெட்டிய தகட்டில், ஒவ்வொரு பல்லின் சாய்வு வழியாகவும் ஆவி கீழ்நோக்கி ஒரே பக்கம் வழிகிறது, போகும்போது மேலே மிதக்கிற துளியையும் உரசி இழுத்துக்கொண்டு போகிறது. துளி நெளிந்து குலுங்குவதால்தான் நகர்கிறதோ என்ற சந்தேகம் இருந்தது, அதையும் 2011இல் பிரான்ஸ் விஞ்ஞானிகள் தீர்த்துவைத்தார்கள்: உலர்பனிக்கட்டித் துண்டை, அதாவது உருகாமல் நேராக ஆவியாகிற திடப்பொருளை, அதே மாதிரித் தகட்டில் வைத்தார்கள், அதுவும் ஓடியது. கெட்டித் துண்டுக்கு நெளிவு ஏது? ஆக, இழுப்பது ஆவிதான். எவ்வளவு எளிமையான சோதனை, எவ்வளவு தெளிவான முடிவு!

இதில் எனக்கு அக்கறை வரக் காரணம் என் தொழில். உளிக்குத் தோய்ச்சல் போடும்போது சிவந்த இரும்பைத் தண்ணீரில் முக்கிச் சும்மா விட்டுவிட மாட்டோம், கலக்கிக்கொண்டே இருப்போம், இல்லாவிட்டால் இதே ஆவிப்படலம் இரும்பைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு சூட்டை இறங்க விடாது. நெய்வேலி நமக்குப் பக்கம்தான்: கொதிகலன் குழாயின் உட்சுவரில் இப்படிப் படலம் படிந்தால் தண்ணீருக்குச் சூடு போகாது, குழாய் அளவுமீறிக் காய்ந்து வெடித்துவிடும். தோசைக்கல் விஷயம் என்று தள்ளிவிடக்கூடியது இல்லை இது.

நம் பள்ளி அறிவியல் கண்காட்சிகளில் தெர்மாகோல் எரிமலையும் சோடா உப்பும் வினிகரும்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை, அவர்களுக்கு வேறு எதையும் நாம் காட்டவில்லை. இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் 2013இல் இதே பல் வெட்டைக் கொண்டு துளிகள் தாமாகவே வழி கண்டு ஓடும் ஒரு புதிர்ப்பாதையைச் செய்தார்கள், அதில் உழைத்தவர்கள் இளங்கலை மாணவர்கள். கடலூர், புதுச்சேரிப் பிள்ளைகளால் முடியாதா?

தகடு வெட்டுவது பெரிய வித்தை இல்லை. பித்தளைப் பட்டையை மில்லிங் மெஷினில் 11 டிகிரி சாய்த்துப் பிடித்து, 1.5 மில்லிமீட்டர் தள்ளித் தள்ளி வெட்டினால் போதும், பிசிறை மட்டும் நன்றாக எடுத்துவிட வேண்டும். நான் ஒன்று வெட்டிப் பார்த்துவிட்டேன், ஓடுகிறது. ரசமட்டம் வைத்துத் தகட்டைச் சமமாக நிறுத்தி, 250 டிகிரிக்கு மேல் காய்ச்சி, சொட்டுவிடும் குழாயால் ஒரு சொட்டு விட வேண்டும். அப்புறம் பல் வெட்டு மேலேயே இருக்க, தகட்டை இடுக்கியால் இடம் வலமாகத் திருப்பி வைத்து இன்னொரு சொட்டு. துளி எதிர்ப்பக்கம் ஓடும், அடுப்பு சாய்ந்திருக்கிறது என்று யாரும் சொல்ல முடியாது. பாதுகாப்புக் கண்ணாடி அணிந்த ஆசிரியர் ஒருவர்தான் செய்ய வேண்டும், பிள்ளைகள் தள்ளி நின்று பார்க்கட்டும், சூடு விளையாட்டில்லை.

இந்தச் செய்முறையைப் படத்தோடு உங்கள் இணைப்பில் வெளியிடுங்கள். கடலூர் மாவட்டத்திலோ புதுச்சேரியிலோ எந்த அரசுப் பள்ளி கேட்டாலும் தகடு வெட்டித் தருகிறேன், பித்தளையும் கூலியும் என் பொறுப்பு. கேட்கிறவர்கள் உங்கள் அலுவலகத்துக்கு எழுதினால் எனக்கு அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
லேத் பட்டறை நடத்தும் ஒரு வாசகர்,
கடலூர் முதுநகர்