கேட்கப்படாததற்கு அழாதே

ரங்கூன்

அன்புத் தோழிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

மோல்மேனிலிருந்து வந்தவர் கையில் நீ கொடுத்தனுப்பிய கடிதமும் கருவாட்டுப் பொட்டலமும் கிடைத்தன. உன் மாமியார் மௌத்தான செய்தியை உன் வீட்டுக்காரர் அன்றே போனில் சொன்னார். அல்லாஹ் அவர்களுடைய கப்ரை விசாலமாக்கி வைப்பானாக, ஆமீன்.

மாமியின் மூச்சு அடங்கியதும் அழுகை வருவதற்கு முன்னால் உனக்குள் ‘அப்பாடா’ என்று ஒரு நிம்மதி எழுந்தது என்றும், அதற்கு மறுமையில் என்ன பதில் சொல்வேன் என்று தூக்கமே இல்லை என்றும் எழுதியிருக்கிறாய். துக்கம் விசாரிக்க வந்த ஒரு அம்மா வேறு, மனதில் நினைப்பதற்கெல்லாம் கேள்வி கணக்கு உண்டு என்று குர்ஆனின் பகரா சூராவில் 284ஆம் வசனத்தை ஓதிக் காட்டி உன்னைக் கலங்கடித்துவிட்டாராம்.

அந்த அம்மா ஓதியது சரி. பாதியில் நிறுத்தியதுதான் எனக்கு வருத்தம். “உங்கள் உள்ளங்களில் உள்ளதை வெளியிட்டாலும் மறைத்தாலும் அல்லாஹ் அதைப் பற்றி உங்களைக் கணக்குக் கேட்பான்” என்ற அந்த வசனம் இறங்கியபோது நபித்தோழர்களான சஹாபாக்களே ஆடிப்போனார்கள். நபிகள் நாயகத்திடம் (ஸல்) வந்து மண்டியிட்டு, “தொழுகை, நோன்பு, தர்மம் எல்லாம் எங்களால் முடிந்தவை. இதை எங்களால் தாங்க முடியாதே” என்றார்கள். “செவியுற்றோம், கீழ்ப்படிந்தோம் என்று சொல்லுங்கள்” என்று பதில் வந்தது. அவர்கள் அதைச் சொல்லிச் சொல்லி நாவு பணிந்த பிறகு, “எந்த ஆத்மாவையும் அதன் சக்திக்கு மேல் அல்லாஹ் சிரமப்படுத்துவதில்லை” என்ற 286ஆம் வசனம் இறங்கியது. ஸஹீஹ் முஸ்லிம் என்ற ஹதீஸ் தொகுப்பில் இது இருக்கிறது. முந்தைய வசனத்தின் சட்டம் இதனால் மாற்றப்பட்டது என்பாரும் உண்டு, விளக்கப்பட்டது என்பாரும் உண்டு. எப்படி எடுத்தாலும் உன் சக்திக்கு மீறிய ஒன்றை அவன் உன்னிடம் கேட்கப்போவதில்லை.

மனம் பேசிக்கொள்வதை, வாயால் சொல்லாதவரை, செயலில் காட்டாதவரை அல்லாஹ் என் உம்மத்துக்கு, என் சமுதாயத்துக்கு, மன்னித்துவிட்டான் என்று நாயகம் (ஸல்) சொன்ன ஹதீஸை நாம் ஓதப்பள்ளியிலேயே கேட்டிருக்கிறோம். இமாம் கஸ்ஸாலி இதை நான்கு படியாகப் பிரித்து எழுதுகிறார்: மனதில் வந்து தட்டும் எண்ணம், அதன்மேல் எழும் சாய்வு, செய்யலாம் என்ற தீர்மானம், செய்தே தீர்வேன் என்ற உறுதி. முதல் இரண்டும் நம் வசத்தில் இல்லை, அவற்றுக்குக் கேள்வியும் இல்லை. உறுதிக்குக் கேள்வி உண்டு. அதையும் அல்லாஹ்வுக்குப் பயந்து விட்டுவிட்டால் நன்மையாகவே எழுதப்படும். வாசலில் வந்து நின்றவரும் நாம் பாய் விரித்து உட்காரவைத்தவரும் ஒன்றா என்ன?

2025 மார்ச் 28 உனக்கு நினைவிருக்கும். ரமலானின் கடைசி ஜும்ஆ. நிலநடுக்கத்தில் மாண்டலேயிலும் சகாயிங்கிலும் பள்ளிவாசல்கள் இடிந்து, தொழ வந்தவர்கள் மேலேயே விழுந்தன. அன்று இரவு தொழுகை விரிப்பான முஸல்லாவில் உட்கார்ந்திருந்தபோது ஒரு கேள்வி வந்தது. அதை இன்றும் எழுத எனக்குக் கை வரவில்லை. நடுங்கிப்போனேன். வெளியே சொல்லவே அஞ்சும் எண்ணங்கள் எங்களுக்குள் வருகின்றன என்று சஹாபாக்கள் முறையிட்டபோது, நாயகம் (ஸல்) அவர்களைக் கண்டிக்கவில்லை. “அப்படியா உணர்கிறீர்கள்? அதுதான் தெளிவான ஈமான்” என்றார்கள். அந்த அச்சம் ஈமான் என்ற இறைநம்பிக்கை இருக்கும் இடத்தில்தான் வரும். அந்த ஹதீஸ் இல்லையென்றால் அந்த இரவை எப்படிக் கழித்திருப்பேனோ.

சஹாபி ஸஅத் இப்னு உபாதா (ரலி) நோயாய்க் கிடந்தபோது நாயகம் (ஸல்) அழுதார்கள். கண்ணீருக்காகவும் மனத்துயருக்காகவும் அல்லாஹ் வேதனை செய்வதில்லை என்று சொல்லி, இதைக் கொண்டுதான் வேதனையும் ரஹ்மத் என்ற அருளும் என்று தம் நாவைக் காட்டினார்கள். நீயோ மாமியின் முதுகுப் புண்ணில் துணி ஒட்டிக்கொள்ளாமல் வெந்நீர் விட்டு மெல்ல மெல்லப் பிரித்து எடுத்தவள். மின்சாரம் போன இரவுகளில் கை மாற்றி மாற்றி விசிறியவள். ஒரு நாளாவது அவர்கள் காதில் கடுஞ்சொல் விழவிட்டாயா? அவ்வளவு களைத்த உடம்புக்கு நிம்மதி வந்ததில் என்ன குற்றம்?

ஆனால் ஒன்று சொல்வேன், கோபித்துக்கொள்ளாதே. அந்த ‘அப்பாடா’வுக்காகப் பக்கம் பக்கமாக அழுதிருக்கிறாய். உன் நாத்தனாரைப் பற்றி எழுதிய நாலு வரியில் கலக்கமே இல்லை. “நகையைப் பங்கு கேட்கத்தான் வந்தாள், அழுததெல்லாம் நடிப்பு” என்கிறாய். அவள் வாய் திறந்து நகையைக் கேட்டாளா? கேட்டிருந்தால் எழுதியிருப்பாய். “சந்தேகங்களில் அதிகமானவற்றைத் தவிர்த்துக்கொள்ளுங்கள், சில சந்தேகங்கள் பாவமாகும்” என்று ஹுஜுராத் சூராவில் வருகிறதே. இது தானாக வந்து தட்டிய எண்ணம் இல்லை. மாமி படுத்த நாளிலிருந்து நீ சோறு போட்டு வளர்த்தது, இப்போது எழுத்திலும் இறங்கிவிட்டது. அவள் மாண்டலேயில் இருக்கிறாள். சுவர் பிளந்த வீட்டை விட்டுப் பிள்ளைகளோடு தார்ப்பாய்க்குக் கீழே கிடந்தவள், தாயைப் பார்க்க வர முடியாமல் எவ்வளவு தவித்தாளோ, நமக்கென்ன தெரியும்? செவி, பார்வை, கல்பு என்ற உள்ளம் எல்லாவற்றைப் பற்றியும் விசாரிக்கப்படும் என்று அல்லாஹ் சொல்வது இப்படிப்பட்ட இடத்தைப் பற்றித்தான் என்று எனக்குப் படுகிறது.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்கு முன்னால் அவளுக்கு நீயே ஒரு போன் போடு. மாமியின் தஸ்பீஹ் மணியும் கைலிகளும் அவளுக்கு வேண்டுமா என்று கேள். மற்றதெல்லாம் ஆண்கள் உட்கார்ந்து ஷரீஅத்துப்படி பேசிக்கொள்ளட்டும்.

இங்கே எல்லோரும் நலம். எண்ணெய் விலைதான் கழுத்தை நெரிக்கிறது. மகன் பினாங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சேர்ந்துவிட்டான், அவனுக்காக துஆ செய். மழை விட்டு, பாதையும் சரியாக இருந்தால், இன்ஷா அல்லாஹ் பஸ் ஏறி உன்னைப் பார்க்க வருகிறேன்.

வஸ்ஸலாம்.

உன் தோழி